மெத்தென்ற பந்து எப்போது பாதுகாப்பானது?

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரெய்ன் கையர் என்ற பொம்மை வடிவமைப்பாளர் தன் குழுவோடு சேர்ந்து குகைமனிதர்களை வைத்து ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்குப் பாறைகள் வேண்டியிருந்தன. எறிந்தாலும் அடிபடக்கூடாது என்பதால் ஸ்பாஞ்சை வெட்டிப் பாறை செய்தார்கள். ஆட்டத்தைவிட அந்தப் பாறைகளை எறிவதில்தான் சுவாரசியம் அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பாறை உருண்டைப் பந்தானது. கையரின் ‘ட்விஸ்டர்’ விளையாட்டை முன்பு வெளியிட்ட மில்டன் பிராட்லி நிறுவனம் இதை வேண்டாம் என்றது. பார்க்கர் பிரதர்ஸ் எடுத்துக்கொண்டது. 1970இல் ‘நெர்ஃப்’ என்ற பெயரில் நான்கு அங்குலப் பந்தாகக் கடைக்கு வந்து, முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

வீட்டுக்குள்ளேயே எறியலாம், விளக்கும் உடையாது, குழந்தைக்கும் அடிபடாது என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். இந்த இரண்டு உறுதிமொழிகளும் ஒரே தரத்தவை போலத் தோன்றும். விளக்கைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. குழந்தையைப் பற்றிச் சொன்னது, பந்து குழந்தையின் மேல் வந்து விழும் வரைக்கும்தான் உண்மை. விளக்கு பந்தைக் கடிக்காது, பிய்க்காது, வாயில் திணிக்காது. குழந்தை இது அத்தனையும் செய்யும். சிறு குழந்தைகளுக்கான மென்மையான விளையாட்டுச் சாமான்களை வடிவமைப்பதில் உள்ள சிரமமெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் மென்மை என்ன நன்மை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வேகமாக வரும் பந்து நம் உடலில் பட்டு நிற்க வேண்டுமானால், அதனிடம் உள்ள ஆற்றல் எங்காவது செலவாக வேண்டும். அந்தச் செலவு எவ்வளவு தூரத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே வலி. 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து நெற்றியில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 8 ஜூல். தோலும் பந்தும் சேர்ந்து நசுங்கிக் கொடுப்பது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் என்றால், சராசரி விசை 2,000 நியூட்டன். சுமார் 200 கிலோ எடையை அந்த ஒரு கணம் நெற்றியில் வைத்ததற்குச் சமம். அதே வேகத்தில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்பாஞ்ச் பந்து வந்தால்? அதன் எடை 15 கிராம் அளவில்தான் இருக்கும். ஆற்றல் முக்கால் ஜூல். அது 3 சென்டிமீட்டர் வரை நசுங்கும். சராசரி விசை 25 நியூட்டன், அதாவது இரண்டரைக் கிலோ எடை. அதுவும் ஒரு புள்ளியில் விழாமல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது.

இந்தக் கணக்கில் காற்றைச் சேர்க்கவில்லை. லேசான, பெரிய பந்தைக் காற்று பலமாகப் பிடித்து நிறுத்தும். மேலே சொன்ன ஸ்பாஞ்ச் பந்து கையை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு 10 மீட்டர் வேகம் இருந்தால், மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் குழந்தையை எட்டும்போது அது ஏறக்குறைய 6 மீட்டராகக் குறைந்துவிடும். ஆற்றலில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. கிரிக்கெட் பந்து அதே தூரத்தில் தன் வேகத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் இழக்கும். ஆக, ஸ்பாஞ்ச் பந்தின் பாதுகாப்பு அதன் மென்மையால் மட்டும் வருவதில்லை. எடைக்குறைவும் அளவும் அதில் சம பங்காளிகள். அண்ணன் எவ்வளவு பலமாக எறிந்தாலும் அந்தப் பந்து தம்பியிடம் போய்ச் சேரும்போது சாதுவாகத்தான் சேரும்.

இதில் இன்னொரு கதையும் உண்டு. ஜான் மேட்டாக்ஸ் என்பவருக்கு, குழந்தைகள் அமெரிக்கக் கால்பந்தை உதைத்துப் பழக ஒரு விளையாட்டுச் சாமான் செய்ய ஆசை. பந்து முற்றத்தைத் தாண்டிப் போகாமலிருக்கக் கனமாகச் செய்யலாம் என்று நினைத்தார். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் பந்தை உதைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஃபிரெட் காக்ஸிடம் யோசனை கேட்டார். கனமான பந்தை உதைத்தால் பிள்ளைகளின் கால் நோகும், நுரைப்பொருளில் செய்யுங்கள் என்றார் காக்ஸ். 1972இல் வந்த நெர்ஃப் கால்பந்தின் தொடக்கம் இதுதான். பந்து யார் மேல் படுகிறதோ அவரைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள்; உதைக்கிற கால், அடிக்கிற மணிக்கட்டு பற்றி யோசிக்க, தினமும் உதைத்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

பந்தைவிட மட்டை கடினமான விஷயம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் எளிதாக அமுங்கும். வெகுதூரம் அதே விசையில் அமுங்கிக்கொண்டே போகும். பிறகு சட்டென்று கெட்டியாகிவிடும். உள்ளே இருக்கும் நுண்ணறைகள் எல்லாம் மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கட்டம் அது. அதன்பின் அது ஸ்பாஞ்ச் அல்ல, திண்மையான பிளாஸ்டிக். மோதலைத் தாங்குவதெல்லாம் அந்த நடுக்கட்டம்தான். மட்டைக்கு உள்ளே ஒரு குழாய் இருக்கும், மேலே நுரை சுற்றியிருக்கும். நுரையின் தடிமன் போதாவிட்டால், ஓங்கி அடித்ததும் நடுக்கட்டம் தீர்ந்து, மிச்சமிருக்கும் ஆற்றலோடு குழாயே தலையில் இறங்கும். மலிவு விலை ஸ்பாஞ்ச் மட்டை ஒன்று நுனியில் கிழிந்தபோது அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாயின் விளிம்பு ரம்பத்தால் அறுத்தது அறுத்தபடியே பிசிறோடு இருந்தது, மூடி எதுவும் இல்லை. குழந்தை ஒருவரைக் குத்துவது போல விளையாடினால் எல்லா விசையும் வந்து சேரும் இடம் அந்த நுனிதான். குழாயின் இரு முனைகளிலும் உருண்டையான மூடி, நுனியில் பக்கவாட்டைவிட இரண்டு மடங்கு நுரை: வடிவமைப்பாளர் இதற்குச் செலவழிக்க வேண்டியது மிகக் குறைவு. அதைக்கூடச் செய்யாதவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

மென்மையால் விளையும் நன்மைகளில் நாம் அதிகம் பேசாத ஒன்று, குழந்தை பந்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வது. மூன்று வயதுக் குழந்தையிடம் பந்தைப் போட்டால் இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொள்ளும். கடினமான பந்தால் ஒருமுறை அடிபட்ட குழந்தை இந்தப் பழக்கத்தை விட நாளாகும். மெதுவாக வரும், பட்டாலும் வலிக்காத பந்து வந்தால் கண் திறந்திருக்கும். கண் திறந்திருந்தால்தான் கை எங்கே போக வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். டென்னிஸ் உலகம் இதை விதியாகவே ஆக்கியது. 2012 ஜனவரி முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்துக்கு இடமில்லை. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என வேகம் குறைந்த பந்துகளால்தான் ஆட வேண்டும் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அறிவித்தது. மிகச் சிறியவர்களுக்கான சிவப்புப் பந்தில் ஒரு வகை நுரையால் ஆனது: 8 முதல் 9 சென்டிமீட்டர் விட்டம், 25 முதல் 43 கிராம் எடை.

இனி வாய். இதில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

கைக்குழந்தையின் மூச்சுக்குழாயின் உள்விட்டம் சில மில்லிமீட்டர்தான். முன்பற்கள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே எட்டிப்பார்த்துவிடுகின்றன. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுமையாக வர இரண்டரை வயதுபோல ஆகிவிடும். ஆகவே நடுவில் ஒன்றரை, இரண்டு வருடம் குழந்தையால் கடித்துத் துண்டாக்க முடியும், மென்று கூழாக்க முடியாது. ஸ்பாஞ்ச் பந்துக்கு இதைவிட மோசமான பருவம் இல்லை. முன்பல்லால் ஒரு துண்டு பிய்ந்து வரும். பிய்ந்தது அப்படியே உள்ளே போகும். கடினமான பொருள் தொண்டையில் மாட்டினால் அதன் மூலை முடுக்குகளுக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக வழி கிடைக்கலாம். மென்மையான பொருள் அந்த வழியையும் அடைத்துக்கொண்டு, குழலின் வடிவத்துக்கே தன்னை மாற்றிக்கொள்ளும். நுரைத்துண்டு எக்ஸ்-ரே படத்திலும் தெரியாது. நெற்றியில் படும்போது காப்பாற்றிய அதே குணம்தான் தொண்டையில் எதிரியாகிறது.

பொம்மை ஆய்வுக்கூடங்களில் ஓர் உலோக உருளை வைத்திருப்பார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலம். அடிப்பகுதி சரிவாக இருக்கும். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் விரிந்த தொண்டையை மனத்தில் கொண்டு வகுத்த அளவு அது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மையோ, சோதனையில் அதிலிருந்து உடைந்து விழும் துண்டோ இந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால், பொம்மை தேறாது. அமெரிக்காவில் 1980 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த உருளையைப் பின்னர் உலகமே எடுத்துக்கொண்டது.

ஆனால் உருளைக்குள் அடங்காத அளவுள்ள பந்துகளும் குழந்தைகளின் உயிரைக் குடித்தன. உருண்டை வடிவத்தில் விரலால் பற்றி இழுக்க விளிம்பு கிடையாது. தொண்டையின் வட்டத்தை அது முழுதாக அடைத்துவிடும். அதனால் 1994இல் அமெரிக்காவில் வந்த சட்டம் பந்துகளுக்கென்று தனி அளவு வைத்தது. 44.4 மில்லிமீட்டர் துளை வழியே நுழைந்து போகும் பந்தை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விற்கக்கூடாது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள டேபிள் டென்னிஸ் பந்து இந்தக் கணக்கில் தோற்றுவிடும்.

இந்த இரண்டு சோதனைகளிலும் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. உருளையில் பொருளை அமுக்காமல் வைக்க வேண்டும் என்பது விதி. பந்தும் தன் சொந்த எடையால் மட்டுமே துளைக்குள் இறங்க வேண்டும். மரப்பந்துக்கும் ரப்பர் பந்துக்கும் இது சரி. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்பாஞ்ச் பந்து துளையின் மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கும், தேர்ச்சியும் பெற்றுவிடும். குழந்தையின் கை அந்தப் பந்தை அப்படி உட்கார விடுமா? இரண்டு விரலால் நசுக்கினால் பாதி அளவாகிவிடும் பொருளுக்கு, நசுக்காத நிலையின் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. வடிவமைப்பாளர் விதி கேட்பதைத் தாண்டி இரண்டு வேலைகளைச் செய்யலாம். முழுதாக நசுக்கினாலும் 44 மில்லிமீட்டருக்குக் கீழே போகாத அளவுக்குப் பந்தைப் பெரிதாக்கலாம். நுரை வெளியே தெரியாமல், பல் இறங்காத நெருக்கமான துணியாலோ தடித்த தோலுறையாலோ மூடலாம். மேலுறையில்லாத ஸ்பாஞ்ச் பந்து மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்பதே என் கருத்து.

‘மூன்று வயதுக்குக் கீழ் ஏற்றதல்ல’ என்று பெட்டியில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கும் உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய விதிகள் இதை ஏற்பதில்லை. அணைத்துக்கொள்ளவும் பிடித்துக்கொள்ளவும் ஏதுவான, எளிய, மென்மையான பொம்மையை எந்த வயதுக் குழந்தை எடுத்து விளையாடும் என்று பார்ப்பார்கள். கைக்குழந்தை எடுக்கும் என்றால் கைக்குழந்தைக்கான சோதனைதான். எச்சரிக்கை வாசகம் அதைத் தள்ளுபடி செய்யாது.

துணிப்பந்து என்றால் தையல்தான் எல்லாம். பஞ்சுக்குள் கிலுகிலுப்பையோ மணியோ வைப்பது வழக்கம். தையல் பிரிந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் சின்னத் துண்டுகள். தரநிலைப்படி தையலின் இருபுறமும் கவ்வி, 70 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஏழு கிலோவைத் தொங்கவிடுவது போல. நல்ல உற்பத்தியாளர்கள் மணியைத் தனித் துணிப்பையில் போட்டுத் தைத்த பிறகே பஞ்சுக்குள் வைப்பார்கள். வெளித்தையல் விட்டாலும் உள்தையல் காக்கும். பந்துக்கு முகம் வரைய வேண்டுமா? பிளாஸ்டிக் கண் ஒட்டுவதைவிட நூலால் பூவேலை செய்துவிடுவது மேல்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு வளையம், தன்னைவிடப் பெரிய கடினமான பந்தைத் தடுத்துவிடும். பந்து மென்மையாக இருந்தால் அதன் முன்பகுதி பிதுங்கி வளையத்துக்குள் நுழையும். கால்பந்தால் நேரும் கண்காயங்களை ஆராய்ந்தவர்கள், அவ்வளவு பெரிய பந்தும் இப்படிக் குழிக்குள் பிதுங்குவதைக் கண்டார்கள். 2017இல் லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள், பொம்மைத் துப்பாக்கியின் நுரைத் தோட்டா பட்டுக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்த மூவரைப் பற்றி எழுதினார்கள். நுரை என்ற பெயரைக் கேட்டதும் கண்ணைப் பற்றிய கவலையை விட்டுவிடக்கூடாது. கையால் எறியும் 15 கிராம் பந்து பயப்பட வேண்டியதல்ல. விசைவில்லால் பாயும் சிறு நுரையும், காற்று நிறைத்த அரைக்கெட்டிப் பந்தும் வேறு கணக்கு.

பல்லும் எச்சிலும் இருக்கும் இடத்தில் வேதியியலும் வந்துவிடுகிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை ஊதுபந்தாக்க, தாலேட் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலந்து இளக்குவார்கள். அது பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடாது. சப்பச் சப்ப எச்சிலோடு வெளியேறும். சிலவகைத் தாலேட்டுகள் ஹார்மோன் செயல்பாட்டைக் குலைப்பவை என்பதால், பொம்மைகளில் அவற்றுக்கு 0.1 சதவீதம் என்ற உச்சவரம்பை ஐரோப்பாவும் அமெரிக்காவும் வைத்திருக்கின்றன. தரையில் விரிக்கும் ‘இ.வி.ஏ.’ நுரைப்பாய், அதே பொருளில் செய்யும் மட்டை ஆகியவற்றில் சிக்கல் வேறு. நுரையை உப்பவைக்கச் சேர்க்கும் பொருள் சிதையும்போது ஃபார்மமைடு உருவாகி நுரைக்குள் தங்கிவிடும். இது கருவளர்ச்சியைப் பாதிக்கும் வகையைச் சேர்ந்தது. 2010இல் பெல்ஜியம் நுரைப்புதிர்ப்பாய்களை இதன் பொருட்டுத் தடுத்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு நிர்ணயித்தது. புதிய நுரைச் சாமானின் கடுமையான வாடை போகும்வரை காற்றாடப் போட்டுவைக்கும் வழக்கம் நல்லது.

வண்ணப்பூச்சைச் சோதிக்கும் முறை எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். மேற்பூச்சைச் சுரண்டி எடுத்து, வயிற்று அமிலத்தை ஒத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். உடலின் வெப்பமான 37 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் குலுக்கி, இன்னொரு மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். பிறகு அந்த அமிலத்தில் ஈயம், காட்மியம், குரோமியம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். பூச்சில் என்ன இருக்கிறது என்பதைவிட, விழுங்கிய குழந்தையின் வயிற்றில் என்ன கரையும் என்பதைக் கேட்கும் சோதனை இது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இயந்திரப் பாதுகாப்பு, வண்ணத்தில் நச்சு உலோகம் என மேலே சொன்ன பெரும்பாலான சோதனைகளும், எரியும் தன்மைக்கான சோதனையும் ஐ.எஸ். 9873 என்ற தரநிலையின் பகுதிகளாக இருக்கின்றன. விளையாட்டுக் கருவிகள் இதன் எல்லைக்கு வெளியே. அவற்றின் பொம்மை வடிவங்கள் உள்ளே. உண்மையான கிரிக்கெட் மட்டைக்கு இந்தச் சோதனை கிடையாது, நுரை மட்டைக்கு உண்டு. திருவிழாக் கடையில் முத்திரையில்லாத பந்தை வாங்கும்போது இந்தச் சோதனைகளில் எதுவும் நடந்திருக்கும் என்று எண்ண நமக்கு ஆதாரமில்லை.

பந்துக்குத் துணையாக வரும் சாமான்களை மறந்துவிடுகிறோம். 1998இல் அமெரிக்காவில் பொம்மைக் கூடைப்பந்தின் வலைகள் சுமார் ஒரு கோடி திரும்பப் பெறப்பட்டன. வலையின் கொக்கி கழன்றாலோ முடிச்சு நகர்ந்தாலோ உண்டாகும் இடைவெளியில் குழந்தையின் தலை நுழைந்து கழுத்து இறுகும் என்பதுதான் காரணம். குழந்தைகளின் கோல் கம்பத்துக்கும் கூடைக்கும் வலை வாங்கும்போது தலை நுழையாத நெருக்கமான கண்ணியா, முடிச்சு அசையாததா என்று இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஆய்வுக்கூடம் புதுச் சாமானைத்தான் சோதிக்கிறது. நம் வீட்டில் இருப்பதோ இரண்டு மழைக்காலம் கண்டது. பாலியூரிதேன் நுரையில் எஸ்டர் வகை, காற்றில் உள்ள ஈரத்தால் மெல்ல மெல்ல அறுபட்டுப் பிசுபிசுத்து உதிரும். ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகித் தூளாகும். எந்த வகை என்பதைப் பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை. கடலோர ஊர்களின் புழுக்கமும் மொட்டைமாடி வெயிலும் இரண்டு வகைக்கும் ஆகாதவை. முதல் நாளில் பல்லுக்கு ஈடுகொடுத்த பந்து, பிறகு நகம் பட்டாலே துகளாகும். அண்ணனுக்கு ஐந்து வயதில் வாங்கிய பந்து ஒரு வயதுத் தம்பியின் கைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். கொடுப்பதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். தூள் உதிர்ந்தாலோ, பள்ளம் மறையாமல் நின்றாலோ, விரல் பிசுபிசுத்தாலோ அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். தம்பிக்குத் துணியுறை போட்ட, இரண்டு கையாலும் பிடிக்கும் அளவுள்ள வேறு பந்து வாங்கிக்கொடுங்கள்.